தேய்வதற்கென்றே ஒரு பற்சில்லு

பாணுக்கு மாக் குழைத்துக்கொண்டிருக்கையில், மேசைமேல் நிற்கும் கலக்கும் பொறியின் ஓசை திடீரென மாறுகின்றது. மோட்டர் முன்போலவே இரைகின்றது. ஆயினும் கலத்தினுள் இறங்கி நிற்கும் கொளுக்கி சுழலவில்லை. பொறியின் தலைப்பகுதியிலிருந்து கறகறவென்று எதுவோ அரைபடும் சத்தம் மட்டுமே வருகின்றது. ஆளியை மூடிவிட்டு, மாவைக் கையால் பிசைந்து முடித்த பின்னர், அதனை உடையவர் பெரும்பாலும் ஒரு முடிவுக்கு வருவார்: பொறியின் ஆயுள் முடிந்தது, இனிப் புதியது வாங்கவேண்டியதுதான்.

அம்முடிவு பல வேளைகளில் தவறானது. உள்ளே ஒரேயொரு பற்சில்லு தன் பற்களை இழந்திருக்கின்றது, அவ்வளவே. அதிலும் வியப்பு யாதெனில், பொறியை அமைத்தவர்கள் அச்சில்லை அங்கே வைத்ததே, இடர் வரும்போது அது முதலில் அழியவேண்டும் என்பதற்காகத்தான். இதனை விளங்கிக்கொள்வதற்கு அப்பொறி பிறந்த கதையைச் சிறிது அறிதல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலே ட்ரோய் என்னும் ஊர் உளது. அங்கிருந்த ஹொபார்ட் கம்பனியில் ஹேர்பர்ட் ஜோன்ஸ்ரன் என்னும் பொறியியலாளர் பணியாற்றினார். 1908ஆம் ஆண்டில், பேக்கரித் தொழிலாளி ஒருவர் இரும்புக் கரண்டி ஒன்றினாலே பாண் மாவைக் கலக்கி வருந்துவதைக் கண்டு, இவ்வேலையை ஒரு பொறி செய்யலாகாதா என்று அவர் எண்ணினார் என்பர். அதன் பயனாக உருவானது, 80 குவாட், அதாவது ஏறக்குறைய 75 லீற்றர், கொள்ளும் பெரிய கலக்கும் பொறி. 1917ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் சமையற்கூடங்களில் அது இடம்பெற்றுவிட்டது. நடுக்கடலில் பழுதாகி நின்றால் கடைக்குக் கொண்டுபோக இயலாத பொறி அது. கப்பலில் உள்ளவனே திறந்து பார்த்துத் திருத்தவேண்டும். வீட்டுக்கென 1919ஆம் ஆண்டில் வெளிவந்த சிறிய பொறியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. கிச்சின் எயிட் என்னும் பெயருடன் வந்த அம்முதற் பொறி ஏறக்குறைய 65 இறாத்தல் நிறை. விலை 189 டொலர் 50 சதம். அக்காலத்தில் அது சாதாரண குடும்பம் ஒன்று எளிதில் கொடுக்கக்கூடிய தொகையன்று. அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை ஒரு பற்சில்லுக்காக எவரும் எறிந்துவிடமாட்டார் அன்றோ?

பின்னர், எக்மொன்ற் ஏரன்ஸ் என்னும் வடிவமைப்பாளர் 1937ஆம் ஆண்டில் அமைத்த மாதிரி, பொறியை இலேசாக்கியது, விலையையும் குறைத்தது. இறைச்சி அரைக்கும் கருவி, மாத் திரிக்கும் கருவி முதலியவற்றைப் பொருத்துதற்கு முன்புறத்தில் அமைந்த துளையை அம்மாதிரியிலிருந்து மாற்றாது வைத்துக்கொண்டனர். பாட்டி வாங்கிய இணைப்புக் கருவி பேத்தியின் பொறியிலும் பொருந்துகின்றது. பொறி நிலைத்து வாழ்வதற்கு எஃகைவிட இத்தகைய பிடிவாதம் கூடுதலாக உதவியிருக்கின்றது எனலாம். பழைய பொறிக்கு உறுப்புக் கிடைக்கும் வரைக்கும் அது பழைய பொறியன்று.

இனி உள்ளே நோக்குவோம். மோட்டரின் தண்டு படுத்த நிலையிலே மிக விரைவாகச் சுழல்கின்றது. அதன் நுனி திருகாணியின் புரிபோல வெட்டப்பட்டிருக்கும். அப்புரியுடன் ஒரு பற்சில்லு பொருந்தி, மிகுந்த வேகத்தைக் குறைந்த வேகமாகவும் கூடிய வலுவாகவும் மாற்றி, மற்றைய சில்லுகளுக்குக் கொடுக்கின்றது. கடைசிச் சில்லு மத்தைச் சுழற்றும். மத்தும் ஓரிடத்தில் நின்று சுழல்வதில்லை. பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் வலம் வருவதுபோல, தன் அச்சிலே ஒரு திசையில் சுழன்றுகொண்டே கலத்தை மற்றைத் திசையில் வலம் வருகின்றது. கலம் அசையாது நிற்க, மாவின் எந்த மூலையும் தப்பாது அடிபடுவது இதனாலேயே.

புரியுடன் பொருந்தும் அந்தப் பற்சில்லு எஃகினும் மென்மையான பொருளால் ஆனது. கடினமான மாவிலே கொளுக்கி சிக்கித் தடைப்படும்போது மோட்டர் விடாது தள்ளிக்கொண்டிருக்கும். அப்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே தீரவேண்டும். விட்டுக்கொடுக்க எதுவும் இல்லையெனின் மோட்டரின் கம்பிச் சுருள் வெப்பமேறிக் கருகிவிடும். அதனை மாற்றுவதற்கான செலவு ஏறக்குறையப் புதுப்பொறியின் விலையை எட்டும். மென்மையான சில்லோ பற்களைக் கொடுத்து மோட்டரைக் காக்கின்றது. மின்சுற்றிலே உருகி எரிந்து வீட்டைக் காப்பது போன்றது இது. உருகி எரிந்ததற்காக வீட்டை இடிப்பவர் இல்லை. சில்லுத் தேய்ந்ததற்காகப் பொறியை எறிபவரோ அநேகர். “மலிவான சில்லைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள்” என்று குறைகூறுபவரும் உளர். நியாயமான குறைகளும் இல்லாமல் இல்லை: சில மாதிரிகளிலே சில்லுப்பெட்டியின் மூடியையே பிளாஸ்டிக்கினால் செய்து, அது வெடித்த பின்னர் உலோகத்துக்கு மாறியதும் உண்டு. மூடி வெடிப்பது எதனையும் காப்பதில்லை. தேய்வதற்கென்று வைத்த உறுப்பையும், தேயக்கூடாத இடத்தில் சிக்கனம் பிடித்த உறுப்பையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும்.

சில்லை மாற்றுவது கடினமான வேலையன்று. முதலில் மின்செருகியைக் கழற்றிவிடுதல் வேண்டும். இதனை எத்தனை முறை கூறினும் தகும். பின்னர் மத்துப் பொருந்தும் வட்டத் தலையைப் பிடித்திருக்கும் சிறிய ஊசியைத் தட்டி வெளியேற்றி, அத்தலையை நெம்பிக் கழற்றலாம். அதன் மேலுள்ள திருகாணிகளையும் பின்புற மூடியின் திருகாணிகளையும் அகற்றினால், பொறியின் மேற்பாகம் சில்லுகளோடு தூக்கிக்கொண்டு வரும். உள்ளே காண்பது பெரும்பாலும் கறுத்துப்போன கிறீசுக் களியே. இங்கேதான் பொறுமை வேண்டப்படுகின்றது. உடைந்த பற்களின் துகள்கள் அக்களியினுள்ளே கலந்து கிடக்கும். அவற்றை ஒன்றும் விடாது வழித்துத் துடைக்காமல் புதுச் சில்லைப் பொருத்தினால், அத்துகள்களே புதுச் சில்லையும் தின்றுவிடும். திருத்திய பொறி சில மாதங்களில் மறுபடியும் பழுதாவதற்கு இது ஒரு காரணமாகும். அதன்பின் உணவுக்கு ஊறில்லாத கிறீசை இட்டு, மூடியின் கீழுள்ள தடுப்புத் தாளையும் புதிதாக மாற்றிப் பூட்டுதல் நன்று.

பழுதல்லாதவற்றையும் பழுது என்று அஞ்சுவோர் உளர். நெடுநாள் ஓடாது நின்ற பொறியிலிருந்து கலத்தினுள் எண்ணெய் சொட்டக்கூடும். கிறீசு கிடந்து கிடந்து எண்ணெய் வேறாகப் பிரிந்ததே காரணம். கிறீசை மாற்றினால் நின்றுவிடும். மோட்டர் தீப்பொறி பறக்கத் தட்டுத்தடுமாறி ஓடுமாயின், இருபுறத்தும் உள்ள சிறிய மூடிகளைத் திருகி, காபன் பிரசுகளை எடுத்துப் பார்க்கலாம். கால் அங்குலத்துக்குக் குறைந்திருந்தால் மாற்றவேண்டும். அதற்கு ஒரு திருப்புளி போதும். எந்த இலக்கத்தில் வைத்தாலும் பொறி ஒரே கடுகதியில் ஓடுமாயின், குற்றம் மோட்டரில் அன்று. பின்புறத்திலுள்ள வேகக் கட்டுப்பாட்டு அமைப்பிலே இருத்தல் கூடும்.

இங்கிலாந்தின் கதை சற்று வேறானது. கெனத் வூட் என்பவர் வோக்கிங் நகரில் 1947ஆம் ஆண்டில் தொடங்கிய கம்பனி, 1950ஆம் ஆண்டில் கென்வூட் செஃப் என்னும் கலக்கும் பொறியை வெளியிட்டது. 1960ஆம் ஆண்டில் கெனத் கிரேஞ்ச் அதற்குப் புதுவடிவம் தந்தார். 1970களிலும் 80களிலும் விற்ற சில மாதிரிகளில் மோட்டரும் சில்லுகளும் உறுதியானவை. மோட்டரோடு இணைந்த மின்தேக்கி என்னும் சிறு உறுப்போ முதுமையடைந்து, ஒருநாள் புகைகக்கி நாற்றமெடுக்கும். புகையைக் கண்டவர் மோட்டர் எரிந்தது என்று நினைத்துப் பொறியைக் குப்பைக்கு அனுப்பிவிடுவர். அம்மின்தேக்கியின் விலை மிகச் சொற்பம். எத்தனை நல்ல மோட்டர்கள் இவ்வாறு உயிரோடு புதைக்கப்பட்டன என்பதை எண்ணிப்பார்த்தால் மனம் வருந்துகின்றது.

இன்றைய இடர் வேறு திசையிலிருந்து வருகின்றது. சில்லும் பிரசும் விற்பனைக்கு உண்டு. ஆனால் பல நகரங்களில் திருத்துபவரின் ஒரு மணிநேரக் கூலி, மலிவான புதுப்பொறி ஒன்றின் விலையோடு போட்டியிடுகின்றது. அம்மலிவுப் பொறிகளிற் சில, திருகாணியே இன்றி ஒட்டி மூடப்பட்டவை. திறந்தால் உடையும், உடைந்தால் பூட்ட இயலாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் பழுதுபார்த்தல் பற்றிய சட்டப் பணிப்பொன்றை நிறைவேற்றி, சலவைப் பொறி, குளிர்சாதனப் பெட்டி, கைத்தொலைபேசி முதலியவற்றைத் திருத்திக் கொடுக்கும் கடமையை உற்பத்தியாளர்மீது சுமத்தியது. கலக்கும் பொறி அந்த அட்டவணையிலே சேர்க்கப்படவில்லை. ஆகவே, வாங்குபவரே கடையில் பொறியைக் கவிழ்த்துப் பார்க்கவேண்டியவராகின்றார்: திருகாணிகள் தெரிகின்றனவா? உறுப்புகளுக்கு இலக்கமிட்ட பட்டியல் கிடைக்குமா? நிறத்தையும் வாட் கணக்கையும் கேட்பதற்குமுன் கேட்கத்தக்க கேள்விகள் இவை.

இலங்கை நேயர்களுக்கு வேறொன்றும் கூறவேண்டும். அமெரிக்காவிலுள்ள உறவினர் அன்போடு கொண்டுவரும் பொறி 120 வோல்ற்று மின்சாரத்துக்கு அமைந்தது. இங்குள்ளதோ 230 வோல்ற்று. செருகியின் முனையை மட்டும் மாற்றிப் பொருத்தி ஓட்டினால் அந்தப் பற்சில்லு எதனையும் காக்காது, மோட்டரே எரியும். பொறியின் வலுவைத் தாங்கக்கூடிய மின்மாற்றி இன்றியமையாதது.

சில்லு தேயாமல் காப்பதற்கும் வழி உண்டு. மாக் குழைக்கும்போது கிச்சின் எயிட் பொறியை இரண்டாம் இலக்கத்துக்கு மேலே வைக்கலாகாது என்று அதன் கைந்நூலே கூறுகின்றது. அவசரத்தில் நான்குக்கும் ஆறுக்கும் உயர்த்துவதாலேயே பற்கள் பறிபோகின்றன. பொறியின் தலை துள்ளத் தொடங்கினால், மா அளவுக்கு மிஞ்சிவிட்டது என்பது பொருள்; இரண்டாகப் பிரித்துக் குழைப்பது நன்று.

திருத்தி முடித்த பொறியைச் சோதிக்க அமெரிக்க வீடுகளில் ஓர் எளிய முறை உண்டு. வெறுங்கலத்தினுள்ளே பத்துச் சத நாணயம் ஒன்றை இட்டு, தட்டையான மத்தைப் பொருத்தி, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுவர். மத்துச் சுற்றிவரும் ஒவ்வொரு முறையும் நாணயம் சிறிது நகர்ந்தால் உயரம் சரி. நாணயம் அசையாது கிடந்தால் மத்து உயர்ந்து நிற்கின்றது. அடியிலுள்ள மா கலக்கப்படாது. நாணயம் ஓயாது இழுபட்டுச் சுற்றிவந்தால் மத்துத் தாழ்ந்து கலத்தை உராய்கின்றது. தலை சாயும் மாதிரியில், தலையை நிமிர்த்தினால் கழுத்திலே ஒரு திருகாணி தெரியும். அதனை ஒருபுறமோ மறுபுறமோ சிறிதளவு திருப்பி, நாணயத்தை மறுபடியும் இட்டுப் பார்க்கலாம்.