தொலைவிலிருந்து ஒரு நேர்முகத் தேர்வு

ஒலிப்பதிவு அறையில் மைக்கின் முன் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். இதைக் கேட்கும் உங்களுள் ஒருவர் அடுக்களையில் இருக்கலாம். ஒருவர் கடையில் இருக்கலாம். என் முகத்தை நீங்கள் காண்பதில்லை. உங்கள் முகத்தை நானும் காண்பதில்லை. ஆயினும் நான் சொல்வதை நீங்கள் நம்பவேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். வீட்டில் இருந்தபடியே எங்கோ உள்ள நிறுவனத்துக்கு வேலை செய்ய விரும்புகிறவரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். அத்தகைய வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தால் எவ்வாறு ஆயத்தமாவது என்பதே இன்று நான் பேசவந்த பொருள். நான் இத்துறையில் நிபுணன் அல்லன். ஒருமுறை தோற்று, மறுமுறை தேறியவன். அவ்வளவே எனக்குள்ள தகுதி.

பதினெட்டு ஆண்டுகள் நகரத்து அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதினேன். அப்போது என் அன்னையாரைப் பக்கவாதம் தாக்கிற்று. வலக்கை செயலிழந்தது, பேச்சும் போயிற்று. கும்பகோணத்து வீட்டை விட்டு வர இயலாது என்பதைத் தலையசைப்பினாலேயே உறுதியாகத் தெரிவித்துவிட்டார். நான் வேலையைத் துறந்து ஊர் திரும்பினேன். பூஜை அறையில் இருந்த சிறிய வெண்கல மணியை அவர் இடக்கைக்கு எட்டும்படி வைத்தேன். தண்ணீர் வேண்டும் என்றாலும், திரும்பிப் படுக்க வேண்டும் என்றாலும் அந்த மணி ஒலிக்கும். எட்டே மாதங்களில் சேமிப்பு கரைந்தது. இனி வேலை என்றால் வீட்டிலிருந்து செய்யும் வேலைதான் என்று ஆயிற்று.

முதல் அழைப்பு இலண்டனிலிருந்து வந்தது. மார்ச் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, இலண்டன் நேரம் காலை 10 மணிக்குத் தேர்வு. இலண்டனுக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேரம் வேறுபாடு என்பது பள்ளியிற் படித்த பாடம். பிற்பகல் 3.30 மணி என்று கணக்கிட்டு, சலவைச் சட்டை அணிந்து, சரியாக அமர்ந்தேன். எதிரே எவரும் இல்லை. பிரிட்டனில் மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பார்கள் என்பதை நான் அறியவில்லை. அதற்கு முந்தின நாள்தான் தள்ளிவைத்திருந்தார்கள். கோடையில் வேறுபாடு நாலரை மணிதான்! அவர்கள் 2.30 மணிக்கே காத்திருந்து, எழுந்து போய்விட்டார்கள். கணக்கர் ஒருவர் ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டால் அவரிடம் கணக்கை யார் ஒப்படைப்பார்கள்? ஆகவே முதல் ஆயத்தம் இது: கடல் கடந்த அழைப்பானால், அந்த நாளில் அந்த ஊரில் மணி என்ன என்று பார்த்து, நம் நேரத்தையும் சேர்த்து எழுதி, முன்கூட்டியே அவர்களிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் அழைப்பு பெங்களூரில் உள்ள ஒரு நிறுவனத்திலிருந்து வந்தது. இம்முறை பத்து நாள் உழைத்தேன். சன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தால் முகம் கரிய நிழலாகத் தெரியும். எனவே சன்னலை நோக்கி மேசையைத் திருப்பினேன். காமிரா கண்ணுக்கு நேராக வரும்படி மடிக்கணினியின் கீழ்ப் பழைய பேரேடுகளை அடுக்கினேன். மின்சாரம் நின்றால் கைகொடுக்க மின்கலனை நிரப்பி வைத்தேன். இணையம் அறுந்தால் கைப்பேசி வழியே இணைப்பது எப்படி என்று இருமுறை ஒத்திகை பார்த்தேன். அண்டை வீட்டுப் பிள்ளை ஒருவனைக் கேள்வி கேட்கச் செய்து, என் குரல் அவனுக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்று சோதித்தேன்.

இவையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அரிய பகுதி வேறு. தொலைவில் இருப்பவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரியின் மனத்தில் எப்போதும் ஒரு கேள்வி உண்டு: 'எவரும் பார்க்காதபோது இவர் எவ்வாறு வேலை செய்வார்?' 'நான் உழைப்பாளி' என்பது அதற்கு விடையாகாது. நிகழ்ந்த ஒன்றை எடுத்துச் சொல்லவேண்டும். ஒருமுறை எங்கள் பேரேட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் 900 ரூபாய் இடித்தது. மேலாளர் வெளியூரில் இருந்தார். வேறுபாடு ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கர்கள் அறிந்த குறிப்பு. அதைப் பற்றிக்கொண்டு தேடினேன். 5,400 என்பது 4,500 என்று பதிவாகியிருந்தது. திருத்தியதோடு நில்லாமல், எங்கே, எப்படிப் பிழை நேர்ந்தது என்று அரைப்பக்கம் எழுதி மேலாளரின் மேசையில் வைத்தேன். இத்தகைய நிகழ்ச்சிகள் நான்கைத் தேர்ந்து, இடர் என்ன, நான் செய்தது என்ன, விளைவு என்ன என்று ஒழுங்குபடுத்திக்கொண்டேன். ஆனால் முழுவதையும் எழுதி வைத்துப் படிக்கவில்லை. வானொலியில் எழுதிப் படிக்கலாம். காமிராவின் முன் படித்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும். நாலைந்து தலைப்புச் சொற்களே துணை.

நாம் கேட்கவேண்டிய கேள்விகளும் உண்டு. வேலை நேரம் யாது? கணினி யாருடையது? நிரந்தரப் பணியா, ஒப்பந்தமா? ஊதியம் எழுத்தில் வருமா? இதையும் மறவாதீர்கள்: வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவர் வேலை தருபவர் அல்லர். அத்தகைய வலையில் எவரேனும் பணம் இழந்தால், தாமதியாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கவேண்டும்.

எல்லாம் ஆயத்தமாயிற்று, மணி ஒன்றுதான் எஞ்சியது. நண்பர் ஒருவர், "அந்த ஒரு மணி நேரம் மட்டும் மணியை எடுத்து வைத்துவிடப்பா. வீட்டில் நோயாளி இருப்பது தெரிந்தால் வேலை கிடைக்காது" என்றார். முந்தின நாள் இரவு, அன்னையார் உறங்குகையில் நான் அதைக் கையில் எடுத்தும்விட்டேன். வீடு அத்தனை நிசப்தமாக எனக்குத் தோன்றியதில்லை. வாயிழந்த ஒருவரின் எஞ்சிய வாயையும் அடைக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

அன்று என் நினைவுக்கு வந்தவர் ஸ்டெபனி ஷெர்லி என்ற ஆங்கில நாட்டு அம்மையார். 1962ஆம் ஆண்டில் ஆறு பவுன் முதலீட்டில் அவர் கணினி நிரல் எழுதும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். குழந்தைகளைப் பேணுவதற்காக வேலையை விட்ட பெண்கள் தத்தம் வீட்டிலிருந்தே நிரல் எழுதினர். பெண் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராமையால் 'ஸ்டீவ்' என்று கையொப்பமிட்டார். தொலைபேசியில் பேசும்போது வீட்டுச் சந்தடி கேட்காதிருக்கத் தட்டச்சு ஓசையைப் பதிவு செய்து பின்னால் ஒலிக்கவிட்டாராம்! அன்றைய உலகம் அவரை அந்நிலையில் வைத்திருந்தது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் எத்தனையோ அதிகாரிகளின் வீட்டிலிருந்தே குழந்தைகளின் அழுகையும் குக்கரின் விசிலும் உலகுக்குக் கேட்டுவிட்டன. இனியும் நாம் நாடாவை ஓட்டவேண்டுமா?

வீட்டை ஒளிப்பதற்குப் பதில் வீட்டுக்கு ஓர் ஏற்பாடு செய்தேன். காலை 9 முதல் 1 வரை உதவிக்கு ஓர் அம்மாள். பிற்பகலில் அன்னையார் உறங்கும் நேரம். மாலையில் என் சகோதரி. இதை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்தேன். தேர்வின் நேரமோ மாலை 4 மணி; சகோதரி வந்துசேர அரைமணி ஆகும். ஆதலால் தொடக்கத்திலேயே, "உள்ளே என் தாயார் இருக்கிறார். மணி ஒலித்தால் இரண்டு நிமிடம் எனக்கு அனுமதி தரவேண்டும்" என்றேன்.

மணி ஒலிக்கத்தான் செய்தது! 900 ரூபாய் வேறுபாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் வாக்கியத்தை முடிக்குமுன், எதிரே இருந்த அம்மையார், "மணி கேட்கிறதே, போய்வாருங்கள்" என்றார். தண்ணீர் கொடுத்துத் திரும்பியதும், "தினமும் இப்படி நேர்ந்தால் வேலை என்னாகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தாளில் உள்ளதைச் சொன்னேன். தடைப்படும் நேரத்தை இரவில் ஈடு செய்வேன் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். ஒன்பது நாள் கழித்துப் பணி ஆணை வந்தது.

ஒளிக்காமற் சொன்னால் எல்லாரும் வேலை தந்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. மறுப்பவரும் உண்டு. ஆனால் மறைத்துப் பெற்ற வேலையில் நாள்தோறும் மறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த மணியை நான் எத்தனை நாள் எடுத்து வைத்திருக்க முடியும்? நேரத்தைச் சரிபாருங்கள், வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், செய்த வேலையை நினைவுகூருங்கள். அத்துடன், உங்கள் வீட்டில் ஒலிக்கும் மணிக்கு ஒரு விடையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.