கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை

கடன், வட்டி பற்றிப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. நான் என் மகளைப் பற்றிப் பேசுறேன். அவகிட்ட கேட்டுட்டுத்தான் பேசுறேன்.

எட்டாவது படிக்கிறா. அவளுக்கு ஏ.டி.எச்.டி. இருக்குன்னு அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டர் சொன்னார். கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடுன்னு தமிழில் சொல்றாங்க. இது வளர்ப்புக் குறை இல்லை, மூளை வளர்ச்சியிலேயே வர்றது. ஓடிக் குதிக்கிற பையன்கிட்ட சீக்கிரம் தெரிஞ்சிடும். பொம்பளப் பிள்ளை பல நேரம் சத்தமில்லாம உட்கார்ந்திருக்கும், மனசு எங்கேயோ இருக்கும். "அமைதியான பிள்ளை"ன்னு பேர் வாங்கிடும்.

அவளுக்கு இன்னொன்றும் வந்தது. "அம்மா, எனக்குப் பின்னாடி நின்னு நானே என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கு. டீச்சர் பேசுறது கிணத்துக்குள்ள இருந்து கேட்குது"ன்னா. சொந்தக்காரங்க காத்து கருப்புன்னாங்க. மந்திரிச்சு விடு, பள்ளிக்கூடத்தை நிறுத்துன்னாங்க. நான் நிறுத்தலை.

டாக்டர் முதலில் வலிப்பு இருக்கான்னு பார்த்தார். சில வலிப்பில் கை கால் வெட்டாது, பிள்ளை சில விநாடி வெறிச்சுப் பார்க்கும், அவ்வளவுதான். அதனால இதை நாமளா முடிவு பண்ணக் கூடாது. அவளுக்கு அது இல்லை. இதுக்குப் பேர் டிஸ்ஸோசியேஷன், அதாவது விலகல் நிலைன்னார். கவனம் சிதறினா மனசு வேற நினைப்புக்குப் போகும். விலகலில் தன் உடம்பே தனக்கு அந்நியமாத் தெரியும், சுத்தி இருக்கிறது கனவு மாதிரி இருக்கும். ஏ.டி.எச்.டி. உள்ள எல்லாருக்கும் இது வராது. பயம், ஓயாத திட்டு, மனசில் பட்ட அடி, தூக்கக் கேடு இதெல்லாம் சேர்ந்தா வரலாம். தாங்க முடியாதப்போ மனசு திரை போட்டுக்குதுன்னு எனக்குப் புரிஞ்சுது.

அப்போ உலுக்கக் கூடாது, கத்தக் கூடாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். ரெண்டு பாதத்தையும் தரையில் அழுத்தச் சொல்லுவேன். பானைத் தண்ணியில் கையை நனைக்கச் சொல்லுவேன். கண்ணுக்குத் தெரியிற அஞ்சு பொருளைச் சொல்லச் சொன்னா, "உரல், விளக்குமாறு, கோழி"ன்னு ஆரம்பிப்பா. சில நாள் கோழியிலேயே சிரிச்சிடுவா! அடுப்புப் பக்கம், கிணத்துப் பக்கம் அந்த நேரம் விடுறதில்லை. வகுப்பில் டீச்சர் முன் பெஞ்சில் உட்கார வச்சிருக்காங்க, ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்றாங்க. இன்னும் வருது, ஆனா முன்னை மாதிரி அவ பயப்படுறதில்லை.

14416-ன்னு டெலி மானஸ் நம்பர் இருக்கு. காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழில் பேசலாம். பெரியவங்க நமக்கு இப்படி இருந்தாலும் கேட்கலாம்.

அடுத்த மாசம் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போறேன். யார் வீட்டுப் பிள்ளைக்காவது பார்க்கணும்னா கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட சொல்லுங்க, காலை ஏழு மணி பஸ்ஸில் சேர்ந்தே போவோம்.