பீச் தோட்டமும் பொதுமலையும்

புதுப்பிக்கத்தக்க ஆற்றல், அதாவது எடுக்க எடுக்கக் குறையாத காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் பெறப்படும் மின்சாரம், திரையில் பெரும்பாலும் விளம்பரப் படங்களின் வழியாகவே அறிமுகமாகியிருக்கிறது. அவற்றில் காற்றாலை சுழலும், குழந்தைகள் சிரிப்பார்கள், அது நிற்கும் நிலம் யாருடையது என்ற பேச்சு மட்டும் எழாது. பெரிய நிறுவனங்களைச் சாராத சுயாதீனப் படங்களோ அந்தப் பேச்சிலிருந்தே தொடங்குகின்றன என்பதற்கு, 2022ஆம் ஆண்டு ஸ்பெயினிலிருந்து வந்த இரண்டு படங்கள் சான்று.

முதலாவது, கார்லா சிமோன் கட்டலான் மொழியில் இயக்கி, அவ்வாண்டு பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்ற 'அல்கராஸ்'. அல்கராஸ் என்னும் ஊரில் சோலே குடும்பம் தலைமுறைகளாகப் பீச் பயிரிட்டுவரும் தோட்டத்துக்குப் பத்திரம் கிடையாது. ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது நிலவுடைமையாளரான பின்யோல் குடும்பத்தாரை ஒளித்துவைத்துக் காத்ததற்கு நன்றியாக, வெறும் வாய்ச்சொல்லால் தரப்பட்ட நிலம் அது. பின்யோலின் வாரிசு காலத்தில் அந்த வாய்ச்சொல் செல்லாமற்போக, மரங்களைப் பிடுங்கிச் சூரிய மின்தகடுகளைப் பதிப்பதென்று முடிவாகிறது. தகடுகளைப் பராமரிக்கும் வேலை தருவதாகச் சொல்லப்படும்போது, குடும்பத் தலைவன் கிமெத் அதை மறுக்கிறான், அவனுடைய மைத்துனனோ அதில் ஒரு பிழைப்பைக் காண்கிறான். பிளவு அந்தத் தோட்டத்துக்குள்ளேயே விழுகிறது. முன்பின் நடித்திராத அந்த வட்டாரத்து மக்களே பெரும்பாலும் நடித்திருப்பதால், பழம் பறிக்கும் கைகளில் பாவனை இல்லை. செத்த முயல்களைக் கொண்டுபோய்ப் பின்யோல் வீட்டு வாசலில் போட்டுவருவதைத் தவிர, இளையவர்களுக்குத் தெரிந்த எதிர்ப்பு வேறில்லை. பழத்துக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்காமல் விவசாயிகள் போராடுவதையும் படம் காட்டிவிடுவதால், பழி முழுவதையும் வெயிலின் மீது சுமத்த இயலாது.

இரண்டாவது, ரொத்ரிகோ சொரோகோயென் இயக்கிய 'ஆஸ் பெஸ்தாஸ்'. ஸ்பெயினின் கலிசியா வட்டாரத்து மலைக்கிராமம் ஒன்றில் குடியேறிய பிரெஞ்சுத் தம்பதி காற்றாலைக்கு எதிராக வாக்களிக்க, இழப்பீட்டுப் பணத்தை நம்பியிருந்த இரு சகோதரர்களின் பகை கொலையில் முடிகிறது. மதுக்கடையில் வெட்டில்லாமல் நீளும் உரையாடலில், அவ்வூரிலேயே பிறந்து வறுமையிலேயே வயதான மூத்த சகோதரனின் நியாயம் குறுக்கீடின்றி ஒலிக்கிறது. கொலைகாரனுக்கு இவ்வளவு காதுகொடுத்த படங்கள் குறைவு.

இக்கதைக்கு அடிப்படையான உண்மை நிகழ்வை 2016ஆம் ஆண்டின் 'சாந்தோயா' ஆவணப்படம் முன்பே பதிவு செய்திருந்தது. சாந்தோயா என்னும் கலிசியச் சிற்றூரில் வாழ்ந்த டச்சுத் தம்பதியில் கணவர் 2010இல் காணாமற்போக, அவருடைய எச்சங்கள் 2014இல்தான் கிடைத்தன. அங்கே சண்டை பொதுமலையின் வருமானத்தில் அத்தம்பதி பங்கு கேட்டதால் மூண்டது. பொதுமலை என்பது ஊரில் குடியிருக்கும் வீட்டார் அனைவருக்கும் பிரிக்கப்படாத கூட்டுரிமையாக இருக்கும் நிலம். பங்கு கேட்டவரைப் பணத்தை மறுப்பவராக மாற்றியது நாடகப்படம் எடுத்துக்கொண்ட உரிமை. அதனால் கதை கூர்மையடைந்தாலும், நாயகர் உண்மையைவிடச் சற்றுத் தூய்மையாகிவிடுகிறார்.

'அல்கராஸ்' படத்திலும் ஒன்று விடுபடுகிறது: பின்யோல் பக்கத்துக் கணக்கு மங்கலாகவே நிற்கிறது. தகடு பதிப்பதால் ஒரு ஹெக்டேருக்குப் பின்யோலின் வாரிசுக்கு எவ்வளவு கிடைக்கும், பீச் அதில் எத்தனை பங்கைத் தந்தது என்பதைப் படம் கேட்பதில்லை; அதைக் கேட்டறிய ஆவணப்படக்காரர் ஒருவர்தான் அந்த ஊருக்குப் போகவேண்டும்.