பன்றிக்கு வைத்த கம்பி

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்திருக்கிறான், ஏதேனும் பேசட்டும் என்று செயலாளர் அண்ணன் கட்டளையிட்டார். கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேச வந்ததோ ஒரு கம்பியைப் பற்றி. ஹட்டன் பட்டணத்துக் கராஜ் ஒன்றில் கழித்துப் போட்ட கிளச் கம்பி அது. பதினான்கு வயதில் அதைக் காற்சட்டைப் பையில் சுருட்டி வைத்து லயத்துக்குக் கொண்டுவந்தவன் நானே.

எங்கள் லயத்தின் பின்னால், காட்டை ஒட்டிய சரிவில், என் பெரியப்பா உருளைக்கிழங்கும் போஞ்சியும் போட்டிருந்தார். கடைக் கடனை அடைக்க நம்பியிருந்த பயிர் அது. பன்றிக் கூட்டம் ஓர் இரவு இறங்கினால், விடியும்போது பாத்தி இருந்த இடம் உழுத நிலம்போலக் கிடக்கும். பெரியப்பா அந்தக் கம்பியைச் சுருக்காக்கி, பன்றி வரும் தடத்தில் ஒரு கட்டையோடு பிணைத்து வைத்தார். மூன்றாம் நாள் அகப்பட்டது பன்றியன்று. எங்கள் நாய் மணி. அது பிழைத்துக்கொண்டது, எனினும் சாகும்வரை மூன்று காலாலேயே நடந்தது. அதற்குப் பிறகும் நாங்கள் கம்பி வைப்பதை நிறுத்தவில்லை. இதை ஒளிக்காமற் சொல்கின்றேன்.

2020ஆம் ஆண்டு மே மாதம், சிவனொளிபாத மலை அடிவாரத்திலுள்ள நல்லதண்ணிப் பகுதியில், கருஞ்சிறுத்தை ஒன்று இத்தகைய சுருக்கில் மாட்டிக்கொண்ட செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். கருஞ்சிறுத்தை வேறோர் இனமன்று. கருமை மிகுந்த தோலோடு பிறந்த நம் சிறுத்தையே. ஆயினும் இலங்கையில் அது காண்பதற்கு மிக அரியது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தார் அதை மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவம் பார்த்தனர். கழுத்திற்பட்ட காயம் ஆறவில்லை. சில நாட்களிலேயே அது உயிர்நீத்தது. அச்செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் கராஜும் என் காற்சட்டைப் பையுமே நினைவுக்கு வந்தன.

அன்பர்களே! சிறுத்தை நம் தோட்டத்துக்கு ஏன் வருகின்றது என்று கேட்கலாம். உண்மையில் அது வந்ததன்று, முன்பே இருந்தது. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலைக்காடு வெட்டப்பட்டது. 1873இல், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காட்டை வெட்டலாகாது என்று அன்றைய ஆங்கில அரசாங்கம் தடுத்ததால், உச்சிகளிற் காடு எஞ்சிற்று. ஒரு காட்டுத் துண்டிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால், சிறுத்தை நம் தேயிலை மலைகளின் ஊடாகத்தான் நடக்க வேண்டும். மானும் பன்றியும் போகும் தடமே அதற்கும் தடம். அத்தடத்திலேதான் நாம் கம்பி வைக்கின்றோம்.

அந்தக் கம்பி ஆளறியாது. இழுக்க இழுக்க இறுகும். அதற்குத் தெரிந்த வித்தை அவ்வளவே. இடுப்பில் இறுகினால், வெளியே காயம் சிறிதாகத் தோன்றினாலும் உள்ளுறுப்புகள் நசிந்துவிடும். விடுவித்த பின்னும் பல சிறுத்தைகள் மாண்டது இதனாலேயே. இந்நாட்டில் வளர்ந்த சிறுத்தைகள் 800க்கும் குறைவு என்பது, 2020இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட மதிப்பீடு. பன்றிக் குட்டிகளை வேட்டையாடும் சிறுத்தையைப் பன்றிக்கு வைத்த கம்பியாலே கொல்வது, காவற்காரனைக் கொன்றுவிட்டுக் களவைப் பற்றி முறையிடுவது போலாகும் அன்றோ?

விடுதியில் என் அறைத் தோழன் மன்னார்க் கடற்கரையைச் சேர்ந்தவன். நான் இதைச் சொன்னபோது, “எங்கள் பக்கத்திலும் இதே கதைதான், மீனுக்கு விரித்த வலையில் கடலாமை சிக்கும்” என்றான். ஆமை நீரில் வாழ்ந்தாலும் நுரையீரலால் மூச்சு விடுவது. மேலே வர முடியாவிட்டால் மூழ்கிச் சாகும். அவனிடம் கேட்ட பின் நூலகத்திற் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் சிங்கி பூன் என்றோர் இறால் மீனவர் இருந்தார். வலையிற் குவியும் சொறிமுட்டைகளை வெளியேற்ற, வலையினுள்ளே ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்தி, மேலே ஒரு திறப்பு விட்டார். இறால் சட்டத்தின் இடைவெளியாற் சென்று வலையில் தங்கும். பெரியவை சறுக்கி வெளியேறும். அதே வழியால் ஆமையும் தப்பிற்று. 1987இல் அமெரிக்க அரசாங்கம் இத்தகைய சட்டங்களை இறால் வலைகளுக்கு விதியாக்கியது. வலையை அறிந்த மீனவரே அதற்கு வாசலும் கண்டார் என்பதே இதில் நாம் கற்க வேண்டியது.

கம்பிச் சுருக்குக்கு அப்படி வாசல் வைக்க முடியாது. ஆதலால் அதை எடுத்தேயாக வேண்டும். ஆனால் எடுக்கச் சொல்வது எளிது. நான் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, “எடுத்துடலாம் தம்பி. அன்னைக்கு ராத்திரி பன்னி வந்தா, நீ வருவியா?” என்று கேட்டார்.

நான் வாய்பேசாது நின்றேன். அவர் கேட்டது நியாயம். சிறுத்தை நம் நாய்களைத் தூக்குகின்றது; கொழுந்து பறிக்கும் நம் தாய்மார் அதனாற் காயமுற்றதும் உண்டு. அச்சமும் நட்டமும் நம்முடையவை. அறிவுரை மட்டும் வெளியிலிருந்து வருகின்றது. சிறுத்தையைக் கொல்வது சட்டப்படி குற்றம். கம்பி வைத்த ஏழைதான் நீதிமன்றம் ஏறுவான். அவன் பாத்திக்கு வேலி கொடுப்பார் யாருமில்லை.

ஆதலின் பெரியோர்கள் முன்னிலையில் சில வேண்டுகோள்கள் வைக்கின்றேன். ஒவ்வொருவரும் தனித்தனியே காவல் காப்பதை விட்டு, அடுத்தடுத்த பாத்திகளைச் சேர்த்து ஒரே வேலி அடைப்போம். கழிவுத் தகரமும் மூங்கிலும் சிரமதானமும் போதும். தோட்ட நிருவாகத்திடம் கம்பமும் ஆணியும் கேட்போம். அறுவடைக் காலத்தில் வாலிபர்கள் முறை வைத்து விளக்கோடு இராக்காவல் இருப்போம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிருவாகத்துக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவித்து, காட்டோரம் நடந்து கம்பிகளைக் கழற்றுவோம். நாய்களை இரவில் அடைப்போம். சிறுத்தை அகப்பட்டிருக்கக் கண்டால் எவரும் கிட்டப் போகலாகாது. கூட்டம் கூடிக் கூச்சலிட்டால் அது திமிறும், கம்பி மேலும் இறுகும். திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். கராஜில் வேலை செய்யும் தம்பிமாருக்கு ஒரு சொல்: பழைய கம்பி கேட்டு ஒரு பையன் வந்தால், எதற்கு என்று கேளுங்கள். என்னை அன்று எவரும் கேட்கவில்லை.

பெரியப்பாவின் கேள்விக்கு நான் இறுதியிற் சொன்ன விடை இது: “விடுமுறை முடிந்தால் நான் போய்விடுவேன், பெரியப்பா, சங்கத்துப் பிள்ளைகள் வருவார்கள்.” உங்களைக் கேளாமலே உங்கள் பெயரால் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதைப் பொறுத்தருள வேண்டும். அவர் கம்பியைக் கழற்றி என் கையிலே தந்துவிட்டார். இதோ, இந்த மேசைமேல் இருப்பது அதுதான். அவர் பாத்தி இன்று வேலியின்றிக் கிடக்கின்றது. போஞ்சி பூத்திருக்கின்றது.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலையில், கத்தியும் கயிறும் கொண்டு எத்தனை பேர் வருவீர்கள் என்பதை, கூட்டம் முடிந்ததும் செயலாளர் அண்ணனிடம் சொல்லிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.