கோப்பையில் பூண்டுத் தாள்

கண்டி ஹந்தானை மலைச்சரிவில் தேயிலைத் தொழிலாளர் லயங்களில் தோட்டம் போட இடம் ஏது? பூண்டுத் தாள் வளர்க்க ஜன்னல் விளிம்பு போதும்.

நம் கடைகளில் விற்கும் வெள்ளைப்பூண்டு பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவது. கூடையிலேயே முளைத்துவிட்ட பல்லை எறியாதீர்கள். பிடி உடைந்த கோப்பையின் அடியில் துளையிட்டு, மண் நிரப்பி, கூர்முனை மேலே இருக்க ஊன்றுங்கள். தலைகீழாய் வைத்தாலும் முளைக்கும். பாவம், வளைந்து நெளிந்து வர நாளாகும்! மழைக்காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள், அழுகிவிடும்.

ஒரு சாண் உயர்ந்ததும் அடியில் இரண்டு விரல் விட்டு நறுக்குங்கள். மறுபடி துளிர்க்கும், சற்று மெலிந்து. பூண்டு திரளக் குளிர் வேண்டும், தாளுக்கு வேண்டாம். சுடச்சுட ரொட்டி, தேங்காய்ச் சம்பல், மேலே பொடியாய் அரிந்த பச்சைத் தாள்.