கல்லில் ஒரு கதை, தாளில் ஒரு கதை



சென்னையில் ஆண்டுதோறும் நடைபெறும் புத்தகக் காட்சியிலிருந்து இரு கைகளிலும் பைகளைச் சுமந்துகொண்டு, மாலை மின்சார இரயிலில் செங்கற்பட்டுக்குத் திரும்பும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். உங்களுள் சிலர் அவ்விளைஞர்களாகவே இருத்தலும் கூடும். பையைத் திறந்தால் சித்திரக் கதைகளும் மாயாஜால நாவல்களுமே மிகுந்திருக்கும். அவற்றைக் கண்ட பெரியவர்கள், "பாடப் புத்தகத்தை விட்டுவிட்டு இந்தப் பொம்மைப் புத்தகம் எதற்கு?" என்று கேட்பதும் வழக்கமே. அக்கேள்விக்கு விடை கூறுவதும், அப்பையைச் சுமந்து வந்தவருக்குரிய ஒரு கடமையை நினைவூட்டுவதுமே இவ்வுரையின் நோக்கம்.

விடையைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரம். அங்கே, ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பாறை முகத்தில் ஒரு கதையைச் செதுக்கியிருக்கின்றனர். அர்ச்சுனன் தவம் என்பார் சிலர்; பகீரதன் தவம் என்பார் வேறு சிலர். எழுத்து விளக்கம் ஏதுமின்றி உருவங்களே கதை சொல்வதால், பார்ப்பவனும் சிந்திக்க வேண்டியவன் ஆகிறான். பெரிய யானையின் அருகே, பின்கால்களில் நின்று முன்கால்களை உயர்த்தித் தவம் புரியும் ஒரு பூனையைக் காணலாம். அதைச் சுற்றிலும் எலிகள்! மாபெரும் தவத்தின் பக்கத்திலேயே போலித் தவத்தையும் வைத்து நகைத்த சிற்பி, கதை சொல்லுவதில் கைதேர்ந்தவன் அல்லனோ?

மகிடாசுரமர்த்தனி குகைக்குள் செல்லுங்கள். ஒரு சுவரில் சிங்கத்தின் மீதமர்ந்து வில்லேந்திப் போர் புரிகிறாள் கொற்றவை. எருமைத் தலை அசுரனோ கதையைப் பற்றியவண்ணம் பின்னே சாய்கிறான். அவன் இன்னும் வீழவில்லை, வீழப்போகிறான். முடிவைக் காட்டாமல், முடிவுக்கு முந்திய கணத்தைத் தேர்ந்தெடுத்தான் சிற்பி. எதிர்ச் சுவரில் திருமால் அரவணையில் அறிதுயில் கொள்கின்றார். ஒரு பக்கம் ஆரவாரம். மறு பக்கம் அமைதி. விரித்து வைத்த புத்தகத்தின் இரு பக்கங்கள் போல அவை ஒன்றையொன்று நோக்குகின்றன.

சித்திரக் கதையின் இலக்கணமும் இதுவே. ஒரு கட்டத்தில் வீரன் கையை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் பகைவன் தரையில் கிடக்கிறான். இடையே விழுந்த அடியை ஓவியர் வரையவில்லை. படிப்பவரின் மனமே வரைந்துகொள்கிறது. ஆகவே, படக்கதை படிப்பது சோம்பேறியின் வேலை என்பது பொருந்தாது.

தமிழில் இத்துறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1947-இல் சென்னையிலிருந்து 'அம்புலிமாமா' புறப்பட்டது. வேதாளத்தைத் தோளில் சுமந்து செல்லும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த கோலம், பல தலைமுறைக் குழந்தைகளின் நெஞ்சில் பதிந்தது. 1972-இல் சிவகாசியில் 'முத்து காமிக்ஸ்' பிறந்தது. ஆங்கில நாட்டு வார இதழொன்றில் தோன்றிய வீரன் ஒருவன் இங்கே 'இரும்புக்கை மாயாவி' ஆனான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அவனுக்கு, மாயாவி என்ற பெயர் எவ்வளவு இயல்பாகப் பொருந்திவிட்டது! ஆங்கிலச் சொற்களுக்கென வரைந்த சிறு வட்டத்துக்குள் நீண்ட தமிழ்ச் சொற்களை அடக்குவது எளிய வேலையன்று. சுருங்கச் சொல்லி விளங்க வைக்கும் பயிற்சியை அம்மொழிபெயர்ப்புகள் நமக்குத் தந்தன. 1984-இல் 'லயன் காமிக்ஸ்', 'ராணி காமிக்ஸ்' ஆகியவையும் வெளிவரத் தொடங்கின.

கற்பனை நாவலுக்கும் இக்கடற்கரை அந்நியமானதன்று. 'சிவகாமியின் சபதம்' என்னும் நாவலின் கரு மாமல்லபுரக் கடற்கரையில்தான் தமக்குத் தோன்றியது என்று கல்கி எழுதியிருக்கிறார். வாரந்தோறும் வந்த தொடர்கதையின் பக்கங்களைப் பிரித்தெடுத்து, தைத்து, அட்டையிட்டுப் பாதுகாத்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் அநேகம்.

இங்கேதான், நண்பர்களே, நான் கூற விரும்பும் கடமை வருகிறது. கல் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நின்றுவிட்டது. தாளோ முப்பது ஆண்டுகளில் பழுத்துவிடுகிறது. மலிவான தாளில் மரத்தின் இயற்கைப் பொருளொன்று நீங்காமல் தங்கியிருப்பதால், வெயில் பட்டால் மஞ்சளாகி நொறுங்குகிறது. ஈரமான கடற்காற்றில் பூஞ்சை பிடிக்கிறது. கரையானும் செல்லும் எஞ்சியதை அரிக்கின்றன. இவை அனைத்தையும் விடப் பெரிய பகை, பழைய தாள் வாங்குபவரின் தராசு. 'அம்புலிமாமா'வும் 'ராணி காமிக்ஸு'ம் இன்று வெளிவருவதில்லை. எவரேனும் எடுத்து வைத்த பிரதிகளே அவற்றின் எஞ்சிய உயிர்.

எடுத்து வைப்பவர் ஒருவரால் என்ன ஆகும் என்று எண்ண வேண்டாம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொரு பெரியவர் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதும் கலைஞர். அவர் நூல்களோடு நில்லாமல், பத்திரிகைகள், துண்டு விளம்பரங்கள், திருமண அழைப்பிதழ்கள் என மற்றவர் எறிந்தவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் பொருள்கள் அவ்வீட்டில் இருந்தன. சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பே 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயிற்று. அன்று குப்பை எனப்பட்டது இன்று ஆராய்ச்சியாளரின் ஆதாரம்.

எனவே, புதுப் புத்தகங்களோடு வீடு திரும்பும் நண்பர்களே, ஆசை தீரப் படியுங்கள். அவசரமாகப் பக்கங்களைப் புரட்டாமல், பூனையின் தவத்தைத் தேடிக் கண்டதுபோல ஒவ்வொரு கட்டத்தையும் நின்று பாருங்கள். கிழிந்த பக்கத்தில் ஒட்டும் நாடாவைப் பூசாதீர்கள். அதன் பசை நாளடைவில் தாளைக் கறையாக்கிவிடும். வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். வாங்க இயலாத தோழனுக்கு இரவல் கொடுங்கள். திரும்பி வந்ததும் சரிபார்த்து வையுங்கள். பல்லவன் கதையைப் பாறை காத்தது. நம் காலத்துக் கதைகளைக் காக்கப் பாறை இல்லை. உங்கள் கைகளே உள்ளன.