மாணிக்கக் குழியில் நீர்யானைப் பல்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா, நல்லதண்ணி வரை பாதை நெடுகத் தேயிலைதான். அதன் முடிவில் 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாத மலை நிற்கிறது. இந்தப் பக்கத்து மழைநீர் மஸ்கெலியா ஓயா வழியே களனி கங்கையில் சேர்கிறது. மறுபக்கத்து நீர் களு கங்கையாகி இரத்தினபுரிக்கு இறங்குகிறது.

தேயிலை மலைகளின் பாறையில் விலங்குப் புதைபடிவம் கிடைப்பதில்லை. எலும்புள்ள உயிர்கள் தோன்றும் முன்பே உருவாகி, நிலத்தடி வெப்பத்தில் உருமாறிய பாறை அது. அது தேய்ந்து உருண்டு வந்த சரளைதான் இரத்தினபுரிப் பள்ளத்தாக்கில் களிமண்ணுக்கு அடியில் கிடக்கிறது. மாணிக்கம் தோண்டுவோர் அதை 'இல்லம்' என்பார்கள்.

வயல் நடுவே குழி வெட்டி, மரச்சட்டம் கொடுத்து, ஊறும் தண்ணீரை இறைத்து, இல்லத்தை மேலேற்றிக் கூடையில் அரிப்பார்கள். நீலக்கல்லும் புஷ்பராகமும் தங்கும் அதே கூடையில் சில வேளை கறுத்த பற்களும் எலும்புத் துண்டுகளும் தங்கும். பல்லின் மேற்பூச்சு எலும்பைவிடக் கடினம். ஆற்றின் உருட்டலுக்கு அதுவே அதிகம் தாக்குப்பிடிக்கிறது.

1930களில் இவற்றை ஆராய்ந்தவர் கொழும்பு அருங்காட்சியகத்தின் பி. ஈ. பி. தெரணியகல. நீர்யானை, காண்டாமிருகம், மறைந்துபோன யானை வகை என்று ஒவ்வொன்றாக அவர் இனங்கண்டார். குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு 1939இல் இலங்கைச் சிங்கத்தை விவரித்தார். புலியும் இங்கே வாழ்ந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்று தேயிலைச் செடிகளுக்கிடையே நடமாடும் பெரும்பூனை சிறுத்தை ஒன்றுதான்.

பனியுகங்களில் கடல் மட்டம் நூறு மீற்றருக்கும் மேல் தாழ்ந்தது. ஆழமற்ற பாக்கு நீரிணை தரையாயிற்று. இந்திய விலங்குகள் நடந்தே வர வழி பிறந்தது. நீர்யானைக்கு ஆழமில்லாத நீர்நிலையும் கரையோரப் புல்வெளியும் வேண்டும். இன்று மழைக்காடும் இறப்பர்த் தோட்டமுமாக உள்ள அடிவாரத்தில் ஒரு காலத்தில் அவையும் இருந்தன.

இந்தப் புதைபடிவங்களின் வயதை நிர்ணயிப்பது எளிதல்ல. வெள்ளம் பழைய படிவைக் கிளறிப் புதியதோடு கலந்துவிடுவதால், அருகருகே கிடக்கும் இரண்டு பற்கள் ஒரே காலத்தவை என்று கொள்ள முடியாது.